ஓடம் வேண்டா, பாலம் வேண்டும்!

தாமிரபரணியின் ஒரு கரையிலே நெல்லை, மறுகரையிலே பாளையங்கோட்டை. இன்று தொடங்கிய பேச்சு முடிவதற்குள் பேருந்து நம்மை அக்கரை சேர்த்துவிடுகிறது. 1843-க்கு முன்னர் நிலை அதுவன்று. நீர் பெருகி ஓடும் நாளில் ஓடமே கதி. ஓடக்காரன் வரவேண்டும், வந்தால் இடமிருக்க வேண்டும், இடமிருந்தால் அவன் மனம் இசைய வேண்டும். அவசரம் கடப்பவனுக்கு, அதிகாரம் ஓடக்காரனுக்கு! அந்நிலையை மாற்றச் சிரஸ்தாராக இருந்த சுலோசன முதலியார் தம் சொந்தப் பொருளை ஈந்தார், பாலம் எழுந்தது, இன்றும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. பாலம் வந்ததால் ஆறு வற்றிவிடவில்லை, வெள்ளமும் நின்றுவிடவில்லை. ஆயினும், கரை கடக்க விரும்பியவன் எவனிடமும் கைகட்டி நிற்க வேண்டாதவன் ஆனான்.

புதுமை என்றால் என்ன என்று எவரேனும் நம்மைக் கேட்பின், அந்தப் பாலத்தைக் காட்டலாம். மனிதனின் ஆற்றலைப் பெருக்குவது புதுமை. பிறர் தயவை நாடி நின்றவனைத் தன் காலில் நடக்கச் செய்வது புதுமை. அதைச் செய்யாத கருவி எவ்வளவு மின்னினாலும், அது பழைய ஓடக்காரனுக்கு மாட்டிய புதுச் சட்டையே!

புதுமை, புதுமை என்று பறை முழங்கும் காலம் இது. விரல் நுனியில் வங்கி என்கிறார்கள். கைக்குள் உலகம் என்கிறார்கள். இயந்திரமே சிந்திக்கும் என்கிறார்கள். முழக்கத்தைக் கேட்டு நாம் முகம் சுளிக்கவில்லை. பகுத்தறிவாளன் புதுமைக்குப் பகைவனாக இருத்தல் இயலாது. ஆனால் பகுத்தறிவாளனுக்கென்று ஒரு கேள்வி உண்டு. யாருக்கு இந்தப் புதுமை? எவரை எதிலிருந்து விடுவித்தது? இக்கேள்விக்கு விடை தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டா. பாளையங்கோட்டைத் தெருவுக்கே செல்வோம்.

ஆண்டு 1890. பார்வையற்றோருக்கென இந்தியாவின் முதற் பள்ளி அமிர்தசரசில் தோன்றி மூன்றே ஆண்டுகள் கழிந்திருந்தன. அந்நாளில் பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் என்னும் ஆங்கில அம்மையார், பார்வையற்ற பிள்ளைகளுக்குக் கல்வி தரத் தொடங்கினார். அதே பத்தாண்டுக்குள், அதே ஊரில், ஃபுளோரன்ஸ் சுவெயின்சன் என்னும் அம்மையார் செவித்திறனற்ற பிள்ளைகளுக்குப் பள்ளி கண்டார். தென்னகத்தின் ஆக்ஸ்போர்டு என்று இவ்வூரைப் புகழ்வோர் கல்லூரிகளை எண்ணிக் காட்டுவர். இவ்விரு பள்ளிகளையும் சேர்த்து எண்ணுவோர் மிகச் சிலர். எமக்கோ, அவ்வூரின் பெருமைக்கு இவையே முதற் சான்று.

அவர்கள் மதப்பணிக்கு வந்தவர்கள்தாமே என்று சிலர் குறுக்கிடக்கூடும். ஆம், மதப்பணிக்கு வந்தவர்களே. அதனை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வேண்டுதலோடு நின்றிருப்பின் அப்பிள்ளைகள் ஓரெழுத்தும் கற்றிரார். விரலுக்குக் கீழே எழுத்தை வைத்ததால் கற்றனர். வைத்தவர் எந்தக் கடவுளை வணங்கினார் என்று அந்த எழுத்து கேட்பதில்லை. தொடுகின்ற விரல் எந்தச் சாதியின் விரல் என்றும் அது கேட்பதில்லை.

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! பார்வையற்ற பிள்ளை பிறந்த வீட்டில் நம் நாடு சொல்லிவந்த ஆறுதல் யாது? முற்பிறவிப் பாவம், பெற்றோர் செய்த வினை, தலையில் எழுதியது. எழுதியவனை எவரும் கண்டதில்லை. எழுத்தை எவரும் படித்ததில்லை. தண்டனை மட்டும் தப்பாமல் நிறைவேற்றப்பட்டது. திண்ணை மூலையும் திருவோடும் அப்பிள்ளைக்கென ஒதுக்கப்பட்டன. இரக்கப்பட்டவர் ஒரு கவளம் சோறிட்டுத் தமக்குப் புண்ணியம் தேடிக்கொண்டார். பெற்றவனுக்கோ பசி அடங்கியது, நிலை மாறவில்லை. கொடுத்தவனை உயர்த்தி, பெற்றவனை இருந்த இடத்திலேயே இருத்தும் இந்த ஏற்பாட்டுக்குத்தான் தருமம் என்று பெயர்!

வினைப்பயன் உண்மையென்றே வைத்துக்கொள்வோம். 1949-ஆம் ஆண்டு லண்டன் மருத்துவமனை ஒன்றில் ஹரால்டு ரிட்லி என்னும் மருத்துவர், கண்புரையை அகற்றிய கண்ணுக்குள் செயற்கை வில்லையைப் பொருத்தினார். போரிலே விமானிகளின் கண்ணில் தெறித்த ஒருவகை பிளாஸ்டிக் சில்லுகள் கண்ணைப் பெரிதும் வருத்தாமல் கிடந்ததைக் கண்டு பிறந்தது அந்த எண்ணம். அந்த வில்லையால் நீங்கியது கண்குறையா, கர்மவினையா? அறுவைக் கத்திக்கு அஞ்சி ஓடும் வினை என்ன வினை?

மதுரைக்கு வருவோம். 1976-இல் 11 படுக்கைகளோடு டாக்டர் வேங்கடசாமி தொடங்கியது அரவிந்த் கண் மருத்துவமனை. அதன் துணையோடு 1992-இல் எழுந்த ஆரோலேப், ஏழைக்கு எட்டாதிருந்த அந்த வில்லையை மதுரையிலேயே செய்து, இறக்குமதி விலையின் மிகச் சிறு பங்குக்குத் தந்தது. ரிட்லியின் வில்லைக்கும் மதுரையின் வில்லைக்கும் இடையே 43 ஆண்டுகள்! அத்தனை காலமும் ஏழைக்குத் தடித்த கண்ணாடியே கிடைத்தது. குறுக்கே நின்றது வினையா? இல்லை, விலை! கண்டுபிடிப்பு முதல் புதுமை. அதை ஏழையின் கைக்குக் கொண்டுவருவது அதனினும் பெரிய புதுமை.

இனி, அந்த விரலெழுத்தின் வரலாற்றைக் கேளுங்கள். 1809-இல் பாரிசுக்கு அருகேயுள்ள கூப்வ்ரே என்னும் சிற்றூரில், குதிரைச் சேணம் தைக்கும் தொழிலாளியின் மகனாய்ப் பிறந்தவர் லூயி பிரெயில். மூன்று வயதில் தந்தையின் பட்டறையிலே தோல் குத்தும் கருவி கண்ணைக் கிழித்தது. நோய் மறு கண்ணுக்கும் பரவிப் பார்வை முற்றும் போயிற்று. அவர் சேர்ந்த பள்ளியில் பார்வையற்றோருக்கு நூல்கள் இருந்தன. எப்படிப்பட்ட நூல்கள்? கண்ணுள்ளோர் படிக்கும் அதே எழுத்துகளைத் தாளில் மேடாக எழுப்பிய நூல்கள். கண்ணுக்கென்று பிறந்த வடிவத்தை விரல் தடவித் தடவி அறியவேண்டும். படிப்பதே பாடு; எழுதுவதோ இயலாத செயல். கொடுத்தவர் நல்லவர்தாம், ஆனால் விரலிடம் கேட்காமல் கொடுத்தார்!

பிரெயில் விரலிடம் கேட்டார். சார்ல் பார்பியே என்னும் படைத்துறையினர் வகுத்திருந்த 12 புள்ளி முறையை எடுத்து, ஒரு விரல்நுனிக்குள் அடங்கும் ஆறு புள்ளிகளாகச் சுருக்கினார். ஆறு புள்ளிகளில் 63 சேர்க்கைகள். அவற்றுள் எழுத்தும் எண்ணும் இசைக்குறிப்பும் அடங்கின. 1824-இல் அதனை உருவாக்கியபோது அவருக்கு வயது 15. மூன்று வயதில் கண்ணைப் பறித்ததும் கூர்முனைக் கருவிதான். எழுத்தைத் தந்ததும் கூர்முனைக் கருவிதான்.

உலகம் அவரை வாரி அணைத்திருக்கும் என்று நினைக்கிறீர்களா? 1840-இல் அவர் பயின்ற பள்ளியின் தலைமையே அம்முறையைத் தடைசெய்தது. பார்வையற்றோருக்குத் தனி எழுத்து இருந்தால் மற்றவரிடமிருந்து பிரிந்து போவராம்! கண்ணுள்ள ஆசிரியருக்குப் பழகாத எழுத்து, கண்ணில்லாத மாணவருக்கு எதற்காம்! 1852-இல் பிரெயில் மறைந்தார். 1854-இல்தான் பிரெஞ்சு நாடு அவர் எழுத்தை முறைப்படி ஏற்றது. தமக்கு வேண்டிய கருவியைத் தாமே படைத்தவருக்கு, அதனைப் பயன்படுத்தும் உரிமையைப் பிறர் வழங்க முப்பது ஆண்டுகள் ஆயின. ஓடக்காரர்கள் பாலத்தை விரும்பியதுண்டோ?

அந்த ஆறு புள்ளிகள் தமிழுக்கும் வந்தன. சட்டத்தில் தாளைப் பொருத்தி, கூர்முனைக் கருவியால் வலமிருந்து இடமாகக் குத்திச் சென்று, தாளைத் திருப்பினால் இடமிருந்து வலமாகப் புள்ளிகள் எழுந்து நிற்கும். ஓலையிலே எழுத்தாணி ஓட்டிய பனைநாட்டுக்கு இஃது அயல் வித்தையா? அகரத்துக்கு ஒரே புள்ளி. மெய்யை அடுத்து உயிர் நிற்கும். 'கொ' என்று எழுதக் கொம்பை முன்னேயும் காலைப் பின்னேயும் மாட்ட வேண்டியதில்லை. ஒலிக்கும் வரிசையே எழுதும் வரிசை. கற்பவனின் சுமையைக் குறைக்கவேண்டுமென 1935-இல் பெரியார் எழுத்துச் சீர்திருத்தத்தைத் தம் ஏட்டில் நடைமுறைப்படுத்தியதையும், 1978-இல் தமிழக அரசு அதனை ஏற்றதையும் அறிந்த நமக்கு இதன் அருமை விளங்கும். மனிதனுக்காக எழுத்தேயன்றி எழுத்துக்காக மனிதன் இல்லை.

ஆயினும் ஆட்சிகள் அசைந்த விரைவைப் பாருங்கள். மொழிக்கு ஒன்றாகவும் ஒரே மொழிக்குப் பலவாகவும் புள்ளி முறைகள் கிடந்தன. 1949-இல் இந்திய அரசு யுனெஸ்கோவை நாடியது. 1951-இல் பாரதி பிரெயில் என்னும் பொதுமுறை ஏற்கப்பட்டது. அவ்வாண்டே டேராடூனில் மைய பிரெயில் அச்சகம் தொடங்கிற்று. பாளையங்கோட்டையில் பள்ளி தோன்றிய பின், நாட்டுக்கு ஒரு பொது எழுத்து முறை அமைய 61 ஆண்டுகள்! அதற்குள் எத்தனை தலைமுறை திண்ணையிலேயே முடிந்திருக்கும்!

செவித்திறனற்றோரின் கதை இன்னும் கசப்பானது. 1880-இல் இத்தாலியின் மிலான் நகரில் அவர்தம் கல்வியைப்பற்றி முடிவெடுக்க உலக மாநாடு கூடிற்று. கூடியவர் 164 பேர். அவருள் செவித்திறனற்றவர் ஒருவரே! கைகளால் பேசும் சைகைமொழியைப் பள்ளியிலிருந்து நீக்குக, உதட்டசைவைக் கண்டு பேசப் பயிற்றுக என்று தீர்மானித்தனர். அதுவும் அந்நாளில் புதுமை என்றே கொண்டாடப்பட்டது. பல நாடுகளில் பிள்ளைகளின் கைகள் அடக்கப்பட்டன. அத்தீர்மானத்துக்காக அதே வரிசை மாநாடு வான்கூவர் நகரில் வருத்தம் தெரிவித்தது 2010-இல். 130 ஆண்டுகள் கழித்து! நம் நாட்டிலோ இந்தியச் சைகைமொழி ஆய்வு, பயிற்சி மையம் 2015-இல்தான் பிறந்தது. 3,000 சொற்களோடு அதன் முதல் அகராதி வெளிவந்தது 2018-இல்.

பாரிசும் மிலானும் தரும் பாடம் ஒன்றே. புதியது என்பதற்காக எதுவும் விடுதலை தந்துவிடுவதில்லை. பயன்படுத்துவோர் அமராத அவையில் பிறக்கும் புதுமை, விலங்காகவும் மாறக்கூடும்.

பொருளியலறிஞர் அமர்த்தியா சென் 1979 முதல் வலியுறுத்தி வருவது ஈண்டு நினைக்கத்தக்கது. இருவர்க்கு ஒரே வருமானம் கொடுத்துவிட்டால் சமத்துவம் வந்துவிடாது. ஊனமுற்றவர் அதே பணத்தைக் கொண்டு மற்றவர் செய்வதையெல்லாம் செய்துவிட இயலாது. ஆகவே, கையில் என்ன இருக்கிறது என்று மட்டும் கேளாதே. அதைக் கொண்டு என்ன செய்ய முடிகிறது, எப்படி வாழ முடிகிறது என்று கேள் என்றார். அந்த அளவுகோலை நம் நாட்டின்மேல் வைத்துப் பார்ப்போம். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாற்றுத்திறனாளிகள் 2 கோடியே 68 லட்சம் பேர். அவருள் எழுத்தறிந்தோர் ஏறத்தாழ 55 விழுக்காட்டினரே. சக்கர நாற்காலி, செவிப்பொறி, கண்ணாடி போன்ற துணைக்கருவிகளுள் ஒன்றேனும் தேவைப்படுவோர் உலகில் 250 கோடி என்றும், அவருள் ஏறக்குறைய 100 கோடிப் பேருக்கு அது கிடைக்கவில்லை என்றும் 2022-இல் உலக நலவாழ்வு நிறுவனமும் யுனிசெஃபும் சேர்ந்து கூறின. கருவி இருக்கிறது, கை இருக்கிறது, இரண்டுக்கும் நடுவே ஆறு ஓடுகிறது.

சட்டம் இல்லையோ? உண்டு. 1995-இல் ஒன்று, 2016-இல் அதனினும் விரிந்த ஒன்று. பார்வையற்றோர் படிப்பதற்கேற்ற வடிவில் நூல்களைப் படியெடுப்பது குற்றமாகாது என 2012-இல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. அதே நோக்கத்தோடு 2013-இல் உருவான மராகேஷ் உடன்படிக்கைக்கு 2014-இல் உலகிலேயே முதலாக ஒப்புதல் தந்த நாடு இந்தியா. ஊனம் என்ற சொல் உள்ளத்தைச் சுடுகிறதென்று கலைஞர் ஆட்சியிலே மாற்றுத்திறனாளி என்ற சொல் வந்தது. 2010-இல் தனித்துறையே வந்தது. சொல்லை மாற்றியது நன்று. படிக்கட்டு மாறிற்றா? கட்டடங்களையும் சேவைகளையும் எல்லாரும் அணுகத்தக்கனவாக்கும் விதிகள் வெறும் பரிந்துரையாக இருத்தலாகாது, கட்டாயமாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் உரைக்க வேண்டியிருந்தது. சட்டம் வந்து எட்டாண்டுகள் கழித்து, சட்டம் சட்டந்தான் என்று நீதிமன்றம் சொல்ல வேண்டிய நாடு இது!

இன்றைய புதுமைக்கு வருவோம். வீட்டிலிருந்தபடியே வங்கிக் கணக்குத் தொடங்கலாம் என்றார்கள். நல்லது. நீ உயிரோடிருப்பதை மெய்ப்பிக்கக் கைப்பேசியின் முன் கண்ணைச் சிமிட்டு என்றது அந்தப் பொறி. அமிலம் வீசப்பட்டுக் கண்ணிமை சிதைந்தவர் எப்படிச் சிமிட்டுவார்? பார்வையற்றவர் திரைக்குள் முகத்தை எப்படிப் பொருத்துவார்? அவர்கள் வழக்குத் தொடுத்தனர். எண்மச் சேவைகளை அணுகுவது வாழ்வுரிமையின் பகுதியே என்று 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, 20 கட்டளைகளையும் பிறப்பித்தது. உயிரோடிருக்கும் மனிதனை உயிரோடிருப்பதாக ஏற்க மறுத்த பொறியை வடிவமைத்தவர் கொடியவரல்லர். வடிவமைக்கும் மேசையில் அவர்களுக்கு ஓர் இருக்கை போட மறந்தவர். மிலானின் வாரிசு!

இதற்கு நேர்மாறான ஒன்றும் உண்டு. திரையிலுள்ளதை வாய்விட்டுப் படிக்கும் மென்பொருள்கள் பெருவிலைக்கு விற்ற காலம். ஆஸ்திரேலியாவின் மைக்கேல் கரன், தாமே பார்வையற்றவர், 2006-இல் என்விடிஏ என்னும் மென்பொருளை எழுதத் தொடங்கினார். பார்வையற்றவரான ஜேம்ஸ் டே அவரோடு சேர்ந்தார். அதை உலகுக்கு விலையின்றியே கொடுத்தனர். கரனுக்கும் பிரெயிலுக்கும் நடுவே 180 ஆண்டுகள் உண்டு, உறவு ஒன்றே. கடக்க வேண்டியவரே கட்டிய பாலம்!

சிலருக்காக இத்தனை செலவா என்று கணக்குப் பார்ப்போர் உளர். அவர்களுக்கு ஒரு செய்தி. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியில் பெல்லெக்ரினோ தூரி என்பவர், பார்வையிழந்த பெண்ணொருத்தி தன் கையாலேயே கடிதம் எழுதுவதற்காகப் பொறி ஒன்றை அமைத்தார். தட்டச்சுப் பொறியின் முன்னோடிகளுள் அதுவும் ஒன்று. ஒருத்திக்காகப் பிறந்த எண்ணம் உலக அலுவலகங்களின் தொழிலாயிற்று. சாய்தளம் சக்கர நாற்காலிக்காகக் கட்டப்படும். பிள்ளையைத் தூக்கிய தாயும், மூட்டு தேய்ந்த முதியவரும், சுமை தள்ளும் தொழிலாளியும் அதில் ஏறுவர். இன்று படியேறி நிற்கும் கணக்கர்க்கும் நாளை முதுமை உண்டு!

தோழர்களே, ஆட்சியை மட்டும் கேட்டுவிட்டு அமர்ந்துவிடலாமா? நம்மையும் கேட்போம். நம் மேடைகளில் முழக்கம் உண்டு. அம்முழக்கத்தைக் கையால் பெயர்த்துச் சொல்ல ஒருவர் நிற்கிறாரா? நம் படிப்பகங்களின் வாயிலில் படிகள் எத்தனை? நம் நூல்களைக் கணினியில் ஏற்றுகிறோம். பக்கத்தைப் படமெடுத்து ஏற்றினால் படிக்கும் மென்பொருளுக்கு அது வெறுந்தாள். 2010-இல் தமிழக அரசு ஏற்ற யூனிகோடு எழுத்தில் ஏற்றினால் அதே நூல் பேசத் தொடங்கும். இதற்குப் பெரும் பொருள் வேண்டா, நினைவு வேண்டும். மற்றப் பிள்ளைகளுக்குப் பாடநூல் கிடைக்கும் அதே நாளில் பார்வையற்ற பிள்ளையின் விரலுக்கும் பாடநூல் கிடைக்கிறதா என்று ஒவ்வோர் ஊரிலும் சென்று கேளுங்கள். கிடைக்காவிடில், கிடைக்கும்வரை கேளுங்கள்.

2025 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம், உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமிக்க வழிசெய்யும் சட்டத் திருத்தங்களை நிறைவேற்றியது. மேசையருகே ஓர் இருக்கை போடப்பட்டிருக்கிறது. அமர்பவரைப் பொம்மையாக வைத்திருப்பதா, அவர் சொல்லைச் செயலாக்குவதா என்பதைக் கண்காணிப்பது இளைஞர் கடமை. புதுப்பொறி எதுவாயினும், புதுத்திட்டம் எதுவாயினும், வரைபடம் எழுதும் நாளிலேயே அவர்கள் அங்கே இருக்கவேண்டும். திறப்பு விழாவிலே பொன்னாடை போர்த்த அழைப்பது போதாது.

இரக்கத்தை எவரும் இழிவென்று சொல்லவில்லை. ஆனால் இரக்கம் களைத்துவிடும்; மனநிலைக்கேற்ப மாறும்; நன்றியை எதிர்பார்க்கும். கல்லால் கட்டிய பாலத்துக்கு இக்குணங்கள் இல்லை. நள்ளிரவிலும் அது கிடக்கும். நடப்பவன் நன்றி சொல்லாவிட்டாலும் தாங்கும். தலையெழுத்தை நம்பிய நாட்டிலே விரலெழுத்தைக் கொண்டுவந்து, வினையென்று கிடந்த பிள்ளையை வாசகனாக்கிக் காட்டிய ஊர் பாளையங்கோட்டை. அந்த ஊர் தொடங்கிய வேலை முடியவில்லை. எழுத்தில், பொறியில், அலுவலகத்தில், மன்றத்தில், ஒவ்வோர் ஆற்றின் குறுக்கேயும் கட்டவேண்டிய பாலங்கள் காத்திருக்கின்றன.

ஓடக்காரரின் தயவுக்கு வணக்கம் சொல்லி விடைகொடுப்போம். கற்களைத் தூக்குங்கள், தோழர்களே!